இருபத்திரண்டு நிமிடம் தலைவர் இல்லாமல்

மலாக்கா மாநிலத்தில், பட்டப்பகலில், நாற்பத்தேழு தமிழர்கள் ஒரே இடத்தில் கூடி, இருபத்திரண்டு நிமிடம், தலைவர் என்று ஒருவர்கூட இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள் என்று சேகரன் சொன்னபோது ரெம்பியா காப்பிக் கடை ஒருமுறை குலுங்கி அடங்கியது. மூலை மேசையில் பசியாறிக்கொண்டிருந்தவருக்கு ரொட்டி சானாய் தொண்டையில் சிக்கியது. கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார்.

"யானை பறந்துச்சுன்னு சொல்லுங்க அங்கிள், கேட்டுக்கறோம். இது கொஞ்சம் ஓவர் லா."

கடைக்காரர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. அந்த வட்டாரத்தில் மூன்று தமிழர்கள் பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் சேர்ந்து நின்றால் ஒரு சங்கம் பிறந்துவிடும். பஸ் வருவதற்குள் அது இரண்டாக உடைந்து, இரண்டு தலைவர்களும் தனித்தனியாகப் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்திருப்பார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர், துணைத்தலைவர், உதவித் தலைவர், ஆலோசகர், அந்த ஆலோசகருக்கு ஒரு ஆலோசகர் என்று பதினெட்டுப் பதவிகள் இருந்தன. பக்தர்கள் செருப்பு விடும் இடத்துக்குக்கூட ஒரு பொறுப்பாளர் உண்டு. அவருக்கும் ஒரு துணை உண்டு.

அந்தக் கோயிலுக்குப் பத்தொன்பது வருடமாகத் தலைவராக இருப்பவர் மணியம். அன்று அவரும் கடையில்தான் இருந்தார். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "நடக்கவே இல்ல," என்றார். "அந்த நாப்பத்தேழு பேர்ல ஒருத்தன் நான். நான் நின்ன இடத்துல தலைவர் இல்லைன்னு எப்படிய்யா சொல்லுவே?"

சேகரனுக்கு அதற்குப் பதில் இருந்தது. ஆனால் கடையே சிரித்துவிட்டது. போன வருடம்வரை ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் வாயிலிருந்து வரும் எதையும் பத்தால் வகுத்துத்தான் கேட்க வேண்டும் என்பது ரெம்பியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவர் பெருக்காமல் சொன்ன ஒரே கதை இதுதான். அதைத்தான் யாரும் நம்பவில்லை.

இதெல்லாம் தொடங்கியது காங்கோவில். பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி அவரைத் தொலைபேசிக் கோபுரத்து ஜெனரேட்டர்களைப் பழுதுபார்க்க அங்கே அனுப்பியது. இத்தூரி என்கிற பெருங்காட்டு வழியில் மழை பாலத்தை அடித்துக்கொண்டு போக, லோரி அங்கேயே நின்றுவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறும் நிழலும் கொடுத்தவர்கள் அந்தக் காட்டிலேயே வேட்டையாடி வாழும் ம்புட்டி மக்கள். அவர்களோடு ஒன்றரை வருடம் வாழ்ந்ததாகச் சேகரன் சொல்வார். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது, பத்தொன்பது நாள் என்று அவருடைய மனைவி ஜானகி சொல்வார். பத்தொன்பது நாளில் ஒருவருக்கு இத்தனை கதை கிடைக்குமா என்று கேட்டால், இவருக்கு மலாக்காவுக்குப் பஸ்ஸில் போய் வந்தாலே ஏழு கதை கிடைக்கும் என்பார்.

அந்தக் கதைகளில் சேகரனுக்கு மிகவும் பிடித்தது அங்கே தலைவரே கிடையாது என்பதுதான். முப்பது நாற்பது பேர் ஒரு கூட்டமாக இருப்பார்கள். இடம் மாற வேண்டுமா, எந்தப் பக்கம் வேட்டைக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசியே முடிவு செய்வார்கள். யாருக்கு எது நன்றாகத் தெரியுமோ அந்த விஷயத்தில் அவர் பேச்சு எடுபடும். அடுத்த விஷயத்தில் அவரும் ஒரு ஆள், அவ்வளவுதான். அப்பா வயதில் இருக்கும் எல்லாரும் அப்பா, அம்மா வயதில் இருக்கும் எல்லாரும் அம்மா, தன் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் உடன்பிறப்பு. இலைகளை வேய்ந்து குடில் கட்டுவது பெண்களின் வேலை. பக்கத்துக் குடில்காரியோடு மனஸ்தாபம் என்றால் ஒரு வார்த்தை பேசமாட்டாள், தன் குடிலின் வாசலை வேறு பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். இதைக் கேட்ட ஜானகி, நம் லயத்து வரிசை வீடுகளில் அந்த வழக்கம் வந்தால் எல்லா வாசலும் வானத்தைப் பார்த்துத்தான் இருக்கும் என்றார்.

வேட்டை என்றால் வலை வேட்டை. ஆண்கள் மரப்பட்டை நாரால் முடைந்த தங்கள் வலைகளை ஒன்றோடொன்று சேர்த்து வில்போல வளைத்துக் கட்டி, அதன் பின்னால் மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தம் கொடுத்துக்கொண்டே வந்து மிருகத்தை வலைப்பக்கம் ஓட்டுவார்கள். கிடைத்தது எல்லாருக்கும் பங்கு. வலை பிடித்தவருக்கும் உண்டு, கைதட்டியவருக்கும் உண்டு. சேகரனை ஒரே ஒருநாள்தான் வலைப்பக்கம் நிற்க விட்டார்களாம். அவர் காலடிச் சத்தத்தில் பக்கத்து நாட்டு மான்கள்கூட எல்லை தாண்டி ஓடிவிட்டன என்று அவரே சொல்வார். மறுநாளிலிருந்து பெண்களோடும் பிள்ளைகளோடும் சேர்த்துவிட்டார்கள். அதோடு விடவில்லை. அவர் நடக்கிற மாதிரியே நான்கு பேர் நடந்து காட்டினார்கள். காட்டில் சத்தம் போடுகிறவன், அதிகாரம் பண்ணுகிறவன், சண்டையை வளர்க்கிறவன் யாராக இருந்தாலும் அவர்கள் அடிப்பதில்லை, தண்டம் போடுவதில்லை. அவனைப் போலவே நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிக்கும்வரை விடமாட்டார்கள்.

"தலைவர் இல்லாம நாலு பேர் சேர்ந்து தேத்தண்ணிகூடக் குடிக்க முடியாது," என்பதுதான் மணியத்தின் தீர்ப்பு. பத்து வருடமாக அதே தீர்ப்பு.

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயமணியின் பசு பவளம் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜெயமணி லயத்துக் கடைசி வீட்டுக்காரி. புருஷன் போனபின் இரண்டு மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். காலையில் அம்மனுக்கு அபிஷேகப் பாலும் அவள் வீட்டிலிருந்துதான் போகும். ஒரு மாடு கிழடு, பால் வற்றிவிட்டது. மிச்சம் இருந்தது பவளம்தான். அதுவும் நிறைமாதச் சினை, இன்றோ நாளையோ என்று இருந்தது. அந்த நிலையில் அது போய்ப் புகுந்த இடம் தோட்டத்தின் மறுநடவுப் பகுதி. அங்கே நட்டு ஆறு மாதம்கூட ஆகாத, எண்ணெய்க்கான செம்பனைக் கன்றுகள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு லாலான் புல். அந்தப் பகுதியில் மாடு கண்டால் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எப்போதோ பலகை போட்டுவிட்டார்கள். மேனேஜருக்குப் போன் போட்டுக் கெஞ்சியதில் கிடைத்தது ஒரு சலுகைதான். நாலு மணிக்குத்தான் லோரி வரும், அதற்குள் பிடித்துக்கொண்டு போனால் சரி.

லோரியில் ஏற்றினால் கன்று தங்காது. அதை யாரும் ஜெயமணிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அழவில்லை. அறுந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மறுநடவு ஓரத்தில் நின்றாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் தோட்டமே வந்துவிட்டது. கூடவே தலைமையும் வந்துவிட்டது, அதுவும் மூன்று. மணியம் கோயில் ஒலிபெருக்கியோடு வந்து, வடக்குப் பக்கம் வளைக்கச் சொன்னார். அவருக்கும் செயலாளர் காந்தனுக்கும் போன திருவிழாவிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. வடக்கு என்று இவர் சொன்ன ஒரே காரணத்துக்காகக் காந்தன் தெற்கு என்றார். இளைஞர் பிரிவுத் தலைவன் தினேஷ்வரன் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, மோட்டார் சைக்கிள்களோடு நடுவில் பாய்ந்தான். பவளம் மூன்று தரப்பையும் பார்த்தது. எந்தத் தரப்பிலும் சேர விருப்பமில்லாமல் இன்னும் உள்ளே போனது. ஐந்து தடவை வளைத்தார்கள். ஐந்தாவது தடவைக்குப் பின் அது கடலைத் தாண்டி சுமத்ரா போய்விட்டது என்றே சேகரன் சொல்லுவார். உண்மையில் அரை மைல் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வயிறு ஏறி இறங்க நின்றது.

"இன்னும் ஒருவாட்டி ஓட்டுனீங்கன்னா அதுவா விழுந்துடும்," என்றாள் ஜெயமணி. "லோரியே வேணாம்."

அப்போது மணி ஒன்றரை. எல்லாரும் யார் தப்பு என்று பேசத் தொடங்கினார்கள். பேச்சு பசுவை விட்டு, போன திருவிழாவுக்குப் போய், அங்கிருந்து காந்தனின் மாமனார் காலத்துக்குப் போய்விட்டது.

சேகரன் பேசாமல் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் கிளிங் மீனவர் ஒருவர் கொடுத்த பழைய மீன் வலைகள் இரண்டு இருந்தன. அதுவரை அவற்றின்மேல் ஜானகியின் பாகற்கொடி படர்ந்திருந்தது. கொடி இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, பின்னால் ஜானகியும் திட்டிக்கொண்டே வந்தார். தோட்டத்து மண்டபத்திலிருந்து பூப்பந்து வலைகள் நான்கையும் அவிழ்த்துக்கொண்டு வரச் சொன்னார் சேகரன்.

"இதுக்கு யார் தலைமை?" என்று மணியம் கேட்டார்.

"யாருமில்ல, தலைவரே. காங்கோ மாதிரி."

அவர் சொன்ன விதத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது, வேறு யோசனையும் யாரிடமும் இல்லை. வலையைக் கண்டதும் ஜெயமணி முன்னால் வந்து நின்றுகொண்டாள். வலையில் சிக்கி விழுந்தால் கன்று போய்விடும் என்றாள். காங்கோவில் ஒன்றரை வருடம் வாழ்ந்த சேகரனுக்கு அது தோன்றவில்லை. அவளே சொன்னாள்: வலை பிடிக்கிறதுக்கு வேண்டாம், சுவராக இருக்கட்டும். அது வாய்க்கால் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர ஒரு சந்து மாதிரி இருந்தால் போதும். ஓட்டுகிறவர்கள் ஓட்டக் கூடாது, கூப்பிட வேண்டும், பால் கறக்கும்போது கூப்பிடுகிற மாதிரி. வேறு யாருக்கும் அவ்வளவு தெரியாது. அதனால் அந்த விஷயத்தில் அவள் பேச்சு எடுபட்டது. காங்கோவிலும் இப்படித்தான் என்று சேகரன் சொல்லப் போனார். ஜானகி அவர் கையைக் கிள்ளினார்.

அடுத்தது சத்தம். எல்லார் கைப்பேசியும் கோயில் தண்ணீர் வாளிக்குள் போனது. தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான். மணியம் மூன்றாவது தடவை கேட்டபின் தன்னுடையதைப் போட்டார். ஒலிபெருக்கியைக் காந்தனே வாங்கி மரத்தடியில் வைத்தார். ஆண்கள் இருபத்தைந்து பேர் பாலத்தின் இரண்டு பக்கமும் வலைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, லாலானில் பாதி மறைந்து நின்றார்கள். ஜானகியின் பின்னால் பெண்களும் பிள்ளைகளும் வெகுதூரம் சுற்றிப் பசுவுக்குப் பின்புறம் போனார்கள். ஜெயமணி மட்டும் கயிற்றோடு பாலத்தின் இந்தப் பக்கம் நின்றாள்.

தூரத்தில் மெல்லக் கைதட்டும் சத்தம் எழுந்தது, கூடவே "பா... பா..." என்று பெண்களின் குரல். பவளம் காதைத் திருப்பியது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. பாலத்தை நோக்கி வந்தது.

பாதிப் பாலத்தில் அது இருக்கும்போது மணியத்தின் இடுப்பிலிருந்து நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளமாகக் கிளம்பின. தலைவர் என்றால் இரண்டு கைப்பேசி இருக்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை. பவளம் திரும்பி ஒரே பாய்ச்சலாக லாலானுக்குள் மறைந்தது.

அந்தக் கணத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். காந்தன் வலையைக் கீழே போட்டார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததைச் சேகரன் பார்த்தார். போன திருவிழா, மாமனார், எல்லாம் வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஜானகி பாலத்தின்மேல் ஏறி வந்தார். இல்லாத மேல்துண்டைத் தோளில் சரிசெய்தார். இல்லாத ஒலிபெருக்கியை இரண்டு தட்டுத் தட்டினார். லாலானைப் பார்த்து, சத்தமே இல்லாமல், வாயை மட்டும் பெரிது பெரிதாக அசைத்து, அன்பார்ந்த பெரியோர்களே தாய்மார்களே என்று தொடங்கினார். ஒரு கையால் இடுப்புப் போனை எடுத்துப் பேசிக்கொண்டே மறு கையால் கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொன்னார். அசல் மணியம்.

ஒரு பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தினேஷ்வரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். காந்தன் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறி, கடைசியில் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். நாற்பது பேர் சத்தம் வராமல் சிரித்ததில் வாய்க்கால் தண்ணீர் அலையடித்தது என்பார் சேகரன். அது மட்டும் கொஞ்சம் கூடுதல்.

மணியம் சிரிக்கவில்லை. முகம் கறுத்து, திரும்பிப் பத்தடி நடந்தார். அவர் போய்விட்டால் அவர் ஆட்கள் பதினைந்து பேரும் போய்விடுவார்கள், வலையில் பாதி போய்விடும். காட்டில் கேலிக்கு ஆளானவனும் சிரிக்கும்வரை விடமாட்டார்கள், ஆனால் அவன் எழுந்து போய்விட்டால் என்ன செய்வார்கள் என்று பத்தொன்பது நாளில் சேகரன் பார்க்கவில்லை.

ஜெயமணி கயிற்றோடு அவர் பின்னால் போனாள். பத்தொன்பது வருடமாக ஊர் முழுக்க அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிடும், அவளும்தான்.

"அண்ணே," என்றாள். "உங்க பக்கம் வலை தொங்குது. வந்து பிடிங்கண்ணே."

மணியம் நின்றார். அவளைப் பார்த்தார், அவள் கையில் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார். இடுப்பிலிருந்த போனை எடுத்து வாளிக்குள் போட்டார். பிறகு பாலத்தில் நின்ற ஜானகியைப் பார்த்து, "மேல்துண்டு நான் இடது தோள்லதான் போடுவேன்," என்று முணுமுணுத்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது தடவை தொடங்கியபோது சேகரனின் கைக்கடிகாரத்தில் மூன்று முப்பத்தெட்டு. அதற்குப்பின் அந்தப் பக்கம் கைதட்டலும் "பா... பா..."வும் தவிர, இந்தப் பக்கம் ஒரு இருமல்கூட இல்லை. எறும்பு கடித்தது, எவரும் காலைத் தூக்கவில்லை. காந்தனும் மணியமும் ஒரே வலையின் இரண்டு முனையைப் பிடித்திருந்தார்கள். பெண்கள் மெல்ல மெல்ல நெருங்கி வந்து, ஜெயமணி கையைக் காட்டியதும் அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். பவளம் பாலத்தைத் தாண்டியது. நேராக ஜெயமணியிடம் போகவில்லை. ஒதுங்கி வந்து மணியத்தின் முன்னால் நின்றது. மூச்சு அவர் முகத்தில் பட்டது. வெள்ளைச் சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் ஆண்டுக் கூட்டத்தில் படிக்கவேண்டிய தலைமையுரை. பவளம் நாக்கை நீட்டி அதை இழுத்தது. நிதானமாக மென்றது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம், நன்றியுரை உட்பட. மணியம் வாயைத் திறக்கவில்லை.

கடைசித் தாள் உள்ளே போகும்போது ஜெயமணி கயிற்றை அதன் கழுத்தில் போட்டாள்.

நாலு மணிக்குச் சரியாக லோரி வந்தது. இவ்வளவு தமிழர்கள் பேசாமல் நிற்பதைப் பார்த்த டிரைவர் ஏதோ சாவு என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிவிட்டு வந்த வழியே மெதுவாகப் போய்விட்டார்.

இதைத்தான் மணியம் காப்பிக் கடையில் நடக்கவே இல்லை என்றார். தான் பேசாமல் நின்றது ஒரு தலைவரின் முடிவு, ஆகவே தலைமை இருந்தது என்பது அவர் வாதம். காந்தனும் மற்றவர்களும் பாதி மரியாதைக்காகவும் பாதி வம்பு வேண்டாம் என்றும் தலையாட்டிவிட்டார்கள். சேகரன் வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை சொன்னேன், அதையும் விற்க முடியவில்லை என்றார். ஜானகி பாகற்கொடியை வலையிலேயே திரும்பப் படர விட்டுக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத வேலை, போகப் போக வரும் என்றார்.

பவளம் அடுத்த புதன்கிழமை ஈன்றது. கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளைப் புள்ளி. ஞாயிறு ஆண்டுக் கூட்டத்துக்கு ஜெயமணி ஒரு பெரிய அண்டாவில், ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய சீம்பால் கொண்டு வந்தாள். மண்டபம் முழுக்க அந்த வாசனை. வழக்கப்படி முதல் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி மேடைக்கு எடுத்துப் போனாள். தலைமையுரை இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த மணியம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். பின்வரிசையில் சேகரன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"தலைவருக்கு முதல் பங்கு."

மணியம் கிண்ணத்தை வாங்கவில்லை. எழுந்து மேடையை விட்டுக் கீழே இறங்கினார், காந்தனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்டாவுல திரும்ப ஊத்தும்மா. நாப்பத்தேழு பேருக்கும் ஒரே அளவா போடு," என்றார். "அன்னைக்குத் தலைவர் யாரும் இல்ல. சேகர் சொன்னது நெசந்தான்."